மணலில் மறுபிறவி எடுக்கும் உலோகம்

மலேசியாவின் குடியிருப்புப் பகுதிகளில் ஒலிபெருக்கி கட்டிய சிறிய லோரி ஒன்று மெதுவாக ஊர்ந்து வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பழைய நாளிதழ், பழுதடைந்த மின்விசிறி, ஓட்டை விழுந்த அலுமினியப் பானை, துருப்பிடித்த மிதிவண்டி என வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருள்களை லோரிக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். சில ரிங்கிட் கைக்கு வந்ததும் வீட்டுக்காரர் அந்தப் பானையை மறந்துவிடுவார். ஆனால், பானையின் கதை அங்கே முடிந்துவிடுவதில்லை. அது தரம் பிரிக்கப்பட்டு, உலையில் உருகி, வேறோர் உருவத்தில் மீண்டும் பயன்பாட்டுக்கு வரக்கூடும்.

உலோகத்திற்குப் புது உருவம் கொடுக்கும் வழிகளுள் மிகப் பழமையான ஒன்று மணல் வார்ப்பு. இன்றும் உலகெங்கும் உள்ள வார்ப்பாலைகளில் இம்முறை பெருமளவில் பயன்படுகிறது. ஈர மணலில் ஒரு பொருளின் வடிவத்தைப் பதித்து, அந்தப் பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, அது இறுகியதும் மணலை உடைத்துப் பொருளை எடுப்பதே இதன் சுருக்கம். ‘வார்த்தல்’ என்றால் ஊற்றுதல் என்று பொருள். சூடான கல்லில் மாவை ஊற்றுவதைத் ‘தோசை வார்த்தல்’ என்று சொல்வதும் இதே சொல்லைக் கொண்டுதான்.

பெயர் ஊற்றுதலைக் குறித்தாலும், ஒரு சிறிய பொருளை வார்க்கும்போது உலோகத்தை ஊற்றும் வேலை ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. அதற்கு முன் நடக்கும் ஆயத்த வேலைகளோ பல மணி நேரம் எடுக்கும். வார்ப்பு நன்றாக வருமா, ஊற்றுபவர் காயமின்றி வீடு திரும்புவாரா என்பவை அந்த ஆயத்தத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. பழைய அலுமினியத் துண்டுகளிலிருந்து ஓர் இயந்திரத்தின் கைச்சக்கரம் எவ்வாறு உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

பழைய உலோகத்தின் மதிப்பு

அலுமினியம் பாக்சைட் என்னும் தாதுவிலிருந்து பெறப்படுகிறது. பாக்சைட்டை முதலில் வேதியியல் முறையில் தூய்மைப்படுத்துகிறார்கள். பிறகு, அதிக அளவு மின்சாரத்தைச் செலுத்தி அதிலிருந்து அலுமினியத்தைப் பிரிக்கிறார்கள். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தினால், புதிதாகத் தயாரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே போதும்.

ஆற்றல் மட்டுமன்றி நிலமும் நீரும்கூட இதனால் காக்கப்படுகின்றன. 2015ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தின் குவாந்தான் வட்டாரத்தில் பாக்சைட் அகழ்வு பெருகியபோது, லோரிகள் சென்ற சாலைகளெங்கும் செம்மண் தூசி படிந்தது. மழை பெய்தபோது கடல்நீரும் சிவந்தது. பொதுமக்களின் முறையீடுகளைத் தொடர்ந்து, 2016ஆம் ஆண்டு ஜனவரியில் அரசாங்கம் பாக்சைட் அகழ்வைத் தற்காலிகமாக நிறுத்தியது. அகழ்ந்தெடுக்கப்பட்ட உலோகத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது, புதிய நிலத்தைத் தோண்ட வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறைகிறது.

தரம் பிரித்தல்

பழைய உலோகம் அனைத்தும் ஒரே தரம் உடையது அன்று. எனவே, வார்ப்பாலையின் முதல் வேலை உலை மூட்டுவது அன்று. தரம் பிரிப்பதே ஆகும்.

முதலில் காந்தத்தைக் கொண்டு இரும்புத் துண்டுகளை அகற்றுவார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அந்த வெப்பத்தில் இரும்புத் திருகுகள் உருகாமல் அடியில் தங்கும். ஆயினும், நீண்ட நேரம் கிடந்தால் இரும்பு சிறிது சிறிதாக அலுமினியத்தில் கரையும். இரும்பு மிகுந்த வார்ப்பு எளிதில் முறிந்துவிடும்.

அடுத்து, அலுமினியத்தையே வகை பிரிக்க வேண்டும். பழைய கார் இயந்திரங்களின் பிஸ்டன்கள் வார்ப்புக்கு மிகவும் ஏற்றவை. அவற்றில் சிலிக்கான் கலந்திருப்பதால், உருகிய நிலையில் உலோகம் நன்றாக ஓடி, அச்சின் மெல்லிய மூலைகளையும் நிரப்பும். சன்னல் சட்டங்கள் வேறு வகையான கலவையால் ஆனவை. அவை அந்த அளவுக்கு நன்றாக ஓடுவதில்லை. குளிர்பான டின்களோ மிகவும் மெல்லியவை. அவற்றின் பரப்பில் வண்ணப் பூச்சும் ஆக்சைடு படலமும் இருப்பதால், சிறிய உலையில் உருக்கினால் ஒரு நல்ல பங்கு கசடாகிவிடும். பான டின்களைத் தனியே சேகரித்து, அவற்றிலிருந்து மீண்டும் பான டின்களையே தயாரிப்பது சிறந்த வழி.

தரம் பிரிப்பதில் உயிர் காக்கும் காரணமும் உண்டு. மக்னீசியம் பார்வைக்கு அலுமினியத்தைப் போலவே இருக்கும். ஆனால், தீப்பற்றினால் கண்ணைப் பறிக்கும் வெண்ணிற ஒளியுடன் எரியும். அந்தத் தீயில் நீரை ஊற்றினால் அது மேலும் கடுமையாகும். நாகம் பூசிய இரும்பையோ பித்தளையையோ அளவுக்கு மீறிச் சூடாக்கினால் நாகம் ஆவியாகி வெண்புகையாக எழும். அதைச் சுவாசிப்பவருக்குக் குளிர்காய்ச்சல் போன்ற நோய் வரும். இருபுறமும் மூடிய குழாய், அதிர்வுதாங்கி, எரிவாயுக் கலன் போன்றவற்றை அப்படியே உலையில் போட்டால், உள்ளே அடைபட்ட காற்றோ எண்ணெயோ விரிந்து வெடித்துவிடும். பழைய உலோகக் குவியலில் கைவைப்பவர் ஒவ்வொரு துண்டையும் இன்னதென்று அறிந்த பின்னரே உலைக்கு அனுப்புவார்.

மாதிரியுரு

மணலில் பதிக்க ஒரு மாதிரி வேண்டும். இதை மாதிரியுரு என்பர். தொழிலாளர்கள் ‘பேட்டர்ன்’ என்று அழைப்பார்கள். பெரும்பாலும் மரத்தால் செய்யப்படும் இது, வார்க்க வேண்டிய பொருளைப் போலவே தோன்றினாலும் அதன் அளவில் இருக்காது. உலோகம் இறுகிக் குளிரும்போது சுருங்குவதே இதற்குக் காரணம். இறுகிய அலுமினியம் அறை வெப்பநிலைக்கு வருவதற்குள் நீளத்தில் ஏறத்தாழ 1.3 விழுக்காடு குறையும். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள கைச்சக்கரம் தேவையென்றால், மாதிரியுருவை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பெரிதாகச் செய்ய வேண்டும். மாதிரியுரு செய்யும் தச்சர்கள் இதற்கென்றே சற்று நீட்டிக் குறியிடப்பட்ட தனி அளவுகோலைப் பயன்படுத்துவார்கள்.

மாதிரியுருவின் பக்கங்கள் நேர்ச்செங்குத்தாக இருப்பதில்லை, சற்றே சரிந்திருக்கும். கடற்கரையில் சிறுவர்கள் வாளியைக் கவிழ்த்து மணல் கோட்டை கட்டுவதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். வாய் அகன்று அடி குறுகிய வாளி எளிதாகக் கழன்று வரும். நேராக இருக்கும் குவளையோ மணலையும் பெயர்த்துக்கொண்டு வரும். கைச்சக்கரத்தின் மாதிரியுரு நடுவில் பிளந்த இரு பாதிகளாகச் செய்யப்படும். ஒரு பாதி கீழ் அச்சிலும் மறுபாதி மேல் அச்சிலும் பதியும்.

மணலும் நீரும்

வார்ப்பு மணல் மூன்று பொருள்களால் ஆனது. உருகிய உலோகத்தின் வெப்பத்தைத் தாங்கவல்ல சிலிக்கா மணலே அதன் பெரும்பகுதி. மணற்பருக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கப் பென்டோனைட் போன்ற களிமண் சேர்க்கப்படும். களிமண்ணுக்கு ஒட்டும் தன்மையைத் தருவது நீர். நீரின் அளவு பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை மட்டுமே இருக்கும்.

இந்தச் சிறிய அளவில்தான் பெரிய நுட்பம் அடங்கியிருக்கிறது. நீர் குறைந்தால் மணல் ஒட்டாமல் உதிரும். நீர் மிகுந்தால் ஆபத்து வரும். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அச்சில் அளவோடு ஈரம் இருந்தால், அந்த நீராவி மணற்பருக்கைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக வெளியேறிவிடும். ஈரம் மிகுந்தால் நீராவி வெளியேற வழியின்றி உலோகத்துக்குள்ளே புகுந்து குமிழாகத் தங்கும். சில வேளைகளில் உலோகத்தையே ஊற்றுவாய் வழியாக வெளியே பீய்ச்சி எறியும்.

மணலின் பதத்தை அறிய அனுபவம் மிக்க தொழிலாளர்கள் கருவியைத் தேடுவதில்லை. புட்டு மாவின் பதம் பார்ப்பதைப் போல ஒரு கைப்பிடி மணலை எடுத்து இறுக்கிப் பிடிப்பார்கள். கையைத் திறந்தால் பிடித்த வடிவம் அப்படியே நிற்க வேண்டும். விரல்களின் தடம் தெளிவாகத் தெரிய வேண்டும். அதை இரண்டாக ஒடித்தால் விளிம்பு நொறுங்காமல் கூர்மையாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் மணல் ஒட்டிக்கொண்டால் நீர் அதிகம். பிடித்த உருண்டை உதிர்ந்தால் நீர் போதாது. பெரிய ஆலைகளில் ஈரத்தையும் வலிமையையும் அளக்கும் ஆய்வுக்கருவிகள் உள்ளன. ஆயினும், மணலைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் அங்கும் மறையவில்லை.

அச்சு உருவாகும் விதம்

அச்சு செய்ய மேலும் அடியும் திறந்த இரு சட்டப் பெட்டிகள் தேவை. முதலில் ஒரு பலகையின் மேல் மாதிரியுருவின் ஒரு பாதியைக் கவிழ்த்து வைப்பார்கள். அதைச் சுற்றிக் கீழ்ப்பெட்டியை வைத்து, மாதிரியுருவின் மீது ஒட்டாமைத் தூளைத் தூவுவார்கள். முதலில் சலித்த மென்மணலை இட்டு, பிறகு பெட்டி நிறைய மணலைக் கொட்டி இடித்து இறுக்குவார்கள். இடிப்பதிலும் அளவு உண்டு. தளர்வாக இடித்தால் உலோகம் பாயும்போது மணல் அரிக்கப்படும். மிகக் கெட்டியாக இடித்தால் மணலின் இடைவெளிகள் அடைபட்டு நீராவி வெளியேற முடியாது.

பிறகு, பெட்டியைப் புரட்டிப்போட்டு, மாதிரியுருவின் மறுபாதியைப் பொருத்துவார்கள். மேற்பெட்டியை வைத்து அதையும் மணலால் நிரப்பி இறுக்குவார்கள். உலோகத்தை ஊற்றுவதற்கான வழியை உண்டாக்க ஒரு கூம்புக் கட்டையை மணலில் நட்டு வைப்பார்கள். மெல்லிய கம்பியால் மணலில் ஆங்காங்கே குத்தி, ஆவி வெளியேறத் துளைகள் இடுவார்கள்.

இப்போது மேற்பெட்டியைக் கவனமாகத் தூக்கி மாதிரியுருவை எடுக்க வேண்டும். கை சற்று நடுங்கினாலும் மணல் விளிம்பு உடைந்துவிடும். அரை மணி நேர உழைப்பு வீணாகும். மாதிரியுருவை எடுத்த பிறகு, ஊற்றுவாயின் அடியிலிருந்து பள்ளம் வரை ஒரு வாய்க்காலை வெட்டுவார்கள். சக்கரத்தின் நடுவில் அச்சாணி நுழையத் துளை வேண்டுமல்லவா? அத்துளை அமைய வேண்டிய இடத்தில் எண்ணெய் கலந்து சுட்டுக் கெட்டியாக்கிய மணல் உருளை ஒன்றை நிறுத்துவார்கள். ‘கோர்’ எனப்படும் அதைச் சுற்றி உலோகம் பாய்வதால் அந்த இடம் துளையாகும்.

உலோகம் செல்லும் வாய்க்கால் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் காண மலேசிய வரலாற்றிலேயே ஓர் அழகிய சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் பித்திஸ் என்னும் ஈய நிறத் தகர நாணயங்கள் வார்க்கப்பட்டன. உருகிய வெள்ளீயம் நடுவாய்க்காலில் ஓடி, கிளைகளில் பிரிந்து, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு நாணயமாக இறுகியது. அச்சிலிருந்து எடுத்தபோது அது நாணயங்கள் காய்த்த சிறு மரம்போல் காட்சியளித்தது. அதனால் அதற்குப் ‘பித்திஸ் மரம்’ என்ற பெயர் வந்தது. கிளைகளிலிருந்து நாணயங்களை ஒடித்து எடுத்த பிறகு, எஞ்சிய தண்டை மீண்டும் உருக்கிக்கொள்ள முடியும். இன்றைய வார்ப்பாலைகளிலும் வாய்க்காலில் இறுகிய உலோகம் வெட்டப்பட்டு மீண்டும் உலைக்கே செல்கிறது.

அச்சில் இன்னொரு பள்ளமும் தேவை. உருகிய அலுமினியம் திண்மமாக மாறும்போது அதன் பருமன் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். மெல்லிய பகுதி முதலில் இறுகும். தடித்த பகுதி கடைசியில் இறுகும். கடைசியில் இறுகும் பகுதிக்குக் கூடுதல் உலோகம் கிடைக்காவிட்டால் அங்கே குழி விழும். எனவே, தடித்த பகுதிக்கு அருகில் ‘ரைசர்’ என்னும் சேமிப்புத் தொட்டி ஒன்றை மணலில் அமைப்பார்கள். அதில் தேங்கும் உலோகம் கடைசிவரை உருகிய நிலையில் இருந்து, குறையும் பகுதியை நிரப்பும்.

உலையின் முன்

இத்தனை வேலைகளும் முடிந்த பின்னரே உலோகம் உருக்கப்படுகிறது. உலோகத்தை உருக்கும் பாத்திரத்தை மூசை என்பர். பொற்கொல்லர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் சொல் இது. வார்ப்பாலையில் பயன்படும் மூசை, பெரும்பாலும் களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்து செய்யப்பட்டது. கடும் வெப்பத்தைத் தாங்கக்கூடியது.

உலையில் போடும் ஒவ்வொரு துண்டும் முன்னதாகவே சூடாக்கி உலர்த்தப்பட வேண்டும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு நீர் அகப்பட்டாலும், அது கணப்பொழுதில் ஆவியாகி வெடிக்கும். மூசையில் உள்ள உலோகம் நாற்புறமும் சிதறும். கசடு அள்ளும் கரண்டி, கிளறும் கம்பி ஆகியவற்றையும் சூடுகாட்டிய பிறகே உலோகத்தில் நுழைப்பார்கள். கான்கிரீட் தரையிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் உண்டு. உருகிய உலோகம் சிந்தினால் அந்தத் தரை வெடித்துத் தெறிக்கக்கூடும் என்பதால், ஊற்றும் இடத்தில் உலர்ந்த மணலைப் பரப்பி வைப்பார்கள்.

ஈரத்தால் விளையும் கேடு இன்னொன்றும் உண்டு. உருகிய அலுமினியம் நீராவியைச் சிதைத்து அதிலுள்ள ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். உலோகம் இறுகும்போது அந்த ஹைட்ரஜன் தங்க இடமின்றி வெளிப்பட்டு, ஊசிமுனை போன்ற துளைகளை உண்டாக்கும். வெளியே பளபளப்பாகத் தோன்றும் வார்ப்பு உள்ளே சல்லடையாக இருக்கக்கூடும். அதனால் உலோகத்தைத் தேவைக்கு மேல் சூடாக்காமலும் நெடுநேரம் உருகிய நிலையில் வைக்காமலும் பார்த்துக்கொள்வார்கள்.

ஊற்றும் கணம்

அலுமினியத்தின் வெப்பம் ஏறத்தாழ 700 முதல் 750 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது ஊற்றுவது வழக்கம். உருகிய இரும்பு செம்மஞ்சளாக ஒளிர்ந்து, தன் வெப்பத்தைத் தானே அறிவித்துவிடும். அலுமினியம் அப்படியன்று. பகல் வெளிச்சத்தில் அது வெள்ளி நிறத் திரவமாக அமைதியாகத் தோன்றும். சூடான மூசைக்கும் ஆறிய மூசைக்கும் வேறுபாடு தெரியாது. இந்த அமைதியான தோற்றமே அதன் பெரிய ஆபத்து. ஆகையால், முகக்கவசம், தோல் கையுறை, தோல் மேலங்கி, உலோகம் உள்ளே புகாத காலணி ஆகியவற்றை அணியாமல் எவரும் உலையருகே செல்லக்கூடாது.

அச்சின் மேல் கனமான எடைக்கற்கள் வைக்கப்பட்டிருக்கும். உருகிய உலோகம் பள்ளத்தை நிரப்பும்போது மேற்பெட்டியை மேல்நோக்கித் தள்ளும். எடை இல்லாவிட்டால் பெட்டி தூக்கிக்கொண்டு, இடைவெளி வழியாக உலோகம் வழிந்துவிடும்.

ஊற்றத் தொடங்கிய பிறகு இடையில் நிறுத்தக்கூடாது. ஊற்றுவாய் எப்போதும் நிறைந்திருக்குமாறு ஒரே சீராக ஊற்ற வேண்டும். இடையில் தயங்கினால், முன்னே சென்ற உலோகத்தின் முகம் ஆறிவிடும். பின்னால் வரும் உலோகம் அதனோடு ஒன்றாகக் கலக்காமல் ஒரு கோடாக நின்றுவிடும். அந்தக் கோட்டில்தான் பின்னாளில் சக்கரம் முறியும். ரைசரில் உலோகம் நிறைந்து தெரிந்ததும் ஊற்றுபவர் நிறுத்துவார். எண்ணிப் பார்த்தால் சில வினாடிகளே கடந்திருக்கும்.

வார்ப்பு சொல்லும் பாடம்

உலோகம் நன்கு ஆறிய பிறகு மணல் அச்சை உடைப்பார்கள். ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு புதிய மணல் அச்சு தேவை. ஆனால், உடைந்த மணல் வீணாவதில்லை. அதைச் சலித்து, எரிந்துபோன களிமண்ணுக்கு ஈடாகப் புதிய களிமண்ணும் நீரும் சேர்த்து மீண்டும் பயன்படுத்துவார்கள்.

வெளிவந்த வார்ப்பைப் பார்த்தே, முன்பு எங்கே தவறு நேர்ந்தது என்பதை அனுபவமுள்ளவர் சொல்லிவிடுவார். பரப்பில் வழுவழுப்பான குமிழ்க்குழிகள் இருந்தால் மணலில் ஈரம் மிகுந்திருக்கும், அல்லது மணல் மிகக் கெட்டியாக இடிக்கப்பட்டிருக்கும். தடித்த பகுதியில் சொரசொரப்பான குழி இருந்தால் ரைசர் போதவில்லை. மணற்பருக்கைகள் உலோகத்தில் புதைந்திருந்தால் அச்சு தளர்வாக இருந்திருக்கும். பாதி நிரம்பாத விளிம்பு, உலோகம் போதிய சூடின்றி ஊற்றப்பட்டதைக் காட்டும்.

பழுதான வார்ப்பை மீண்டும் உருக்கலாம். உலோகம் தனக்கு இன்னொரு வாய்ப்பைத் தருகிறது. எனினும், செலவான எரிபொருளும் உழைப்பும் திரும்பி வாரா. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சிறிது உலோகம் கசடாகக் கழிந்துபோகும்.

மண்ணோடு உறவாடும் தொழிலாளர்கள்

இந்தத் தொழில் தமிழர் வாழும் ஊர்களிலும் வேரூன்றியுள்ளது. தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் வார்ப்பாலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். நெசவாலை இயந்திரங்களின் உறுப்புகள், கிணற்று நீரை இறைக்கும் பம்புகள், மின்மோட்டார்களின் வெளிக்கூடுகள் போன்றவை அங்கே வார்க்கப்படுகின்றன. அவற்றுள் பல வார்ப்பிரும்பால் ஆனவை. வார்ப்பிரும்பு உருக ஏறத்தாழ 1,150 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் தேவை. அங்கும் பழைய இரும்பும் எஃகுத் துண்டுகளுமே உலைக்குச் செல்லும் பொருள்களுள் முக்கியமானவை. பெரிய ஆலைகளில் மணலை இறுக்குவது முதல் உடைப்பது வரை இயந்திரங்கள் செய்கின்றன. ஆயினும், ஈரம், சுருக்கம், ஆவி, வெப்பம் ஆகியவற்றுக்கான விதிகள் மாறவில்லை.

வார்ப்புத் தொழிலில் கண நேரத்தில் தாக்கும் ஆபத்து ஒன்று என்றால், பல ஆண்டுகள் கழித்துத் தாக்கும் ஆபத்து இன்னொன்று. உலோகத்தின் வெப்பத்தால் உலர்ந்த மணலை உடைக்கும்போது மிக நுண்ணிய சிலிக்காத் தூசி எழுகிறது. அதை நாள்தோறும் சுவாசிப்பவரின் நுரையீரலில் அத்தூசி தங்கித் தழும்பை உண்டாக்கும். ‘சிலிகோசிஸ்’ எனப்படும் இந்நோயை முற்றாகக் குணப்படுத்த மருந்தில்லை. வராமல் தடுப்பதே ஒரே வழி. தூசியை இழுத்து வெளியேற்றும் கருவி, பொருத்தமான சுவாசக்கவசம், துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்தால் தூசியை அடக்கும் முறை ஆகியவை இருந்தால் இந்நோயைத் தவிர்க்க முடியும். பம்பின் விலையில் சில காசுகளைக் குறைப்பதற்காக இவற்றைக் கைவிட்டால், அந்த விலையைத் தொழிலாளியின் மூச்சே கொடுக்க நேரிடும்.

கைச்சக்கரத்தின் மேல் ஒட்டிய மணலைத் தட்டி, வாய்க்கால் தண்டை வெட்டி, விளிம்புகளை அரத்தால் தேய்த்தால் வேலை முடிந்துவிடும். நேற்றுவரை பிஸ்டனாக இருந்த உலோகம் இன்று சக்கரமாகச் சுழலும். அதைத் திருப்புகிறவருக்கு அதன் பழைய வாழ்க்கை தெரியாது. மணலின் பதம் பார்த்த கையும், ஒவ்வொரு துண்டையும் உலர்த்திய பொறுமையும் அவருக்குத் தெரியாது. ஆயினும், சக்கரம் முறியாமல் சுழல்வதற்கு அவையே காரணம். பதறாத காரியம் சிதறாது என்பது முன்னோர் வாக்கு. உருகிய உலோகத்தின் முன் நிற்பவருக்கு அது வெறும் பழமொழியாக இருப்பதில்லை. அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டிய விதியாகவே இருக்கிறது.